அம்மனிடம் கேட்டதும் கூரைக்காரரிடம் கேட்டதும்

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். சிலது மறந்தும் போகும்.

போத்தனூரில் எங்களுடையது ஓட்டு வீடு. போன வருசம் கோடையில் அடித்த சூறைக்காற்றில் பக்கத்துத் தென்னை முறிந்து கூரைமேல் விழுந்தது. படுக்கிற அறையில் இருந்து பார்த்தால் வானம் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். கட்டிலை நகர்த்த வேறு இடமில்லை. தார்ப்பாய் கட்டி அதன் கீழே படுக்க வைத்திருந்தேன். கோபியில் இருக்கும் மகள் எங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்ததால் பணம் பாஸாகிவிட்டது. ஒரு தடவைதான் தருவார்கள். தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டால், ஆடி மழையில் அவர் நனைய வேண்டியதுதான்.

பாஸான மறுநாளே கூரை வேலை எடுத்துச் செய்கிற ஒருவர் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை.

“ஏனுங்கம்மா, எவ்வளவுங்க பாஸாயிருக்குது?” என்றார். கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மகளுக்குத்தான் தெரியுமுங்க” என்றேன்.

“முழுசா எங்கிட்ட உட்ருங்க. பழைய மரத்தையும் நானே எடுத்துட்டுப் போயிர்றேனுங்க.”

எங்கள் கூரை மரம் தேக்கு.

அப்புறம் மேட்டுப்பாளையத்தில் இருந்து இன்னொரு கூரைக்காரர் மொபெட்டில் வந்தார். ஏணி கேட்டு வாங்கி ஏறினார். “விட்டம் நல்லாருக்குதுங்க, அதை மாத்த வேண்டாம்” என்று சொல்லி இறங்கினார். எனக்கு இவர்மேலும் சந்தேகம். வருகிற வேலையை யாராவது வேண்டாம் என்பார்களா?

மகளுக்குப் போன் போட்டேன். “இப்படியே எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டு இரும்மா. மழையே வந்து கூரை போட்டுக் குடுக்கும்” என்றாள்.

எங்கள் பக்கம் முடிவெடுக்க முடியாதபோது அம்மனிடம் பூக்கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் கலக்கிப் போட்டு யாரையாவது எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. ஆனால் கோயில் முன்னால் தகரப் பந்தல் போட்டதே அந்தக் கார்க்காரர்தான். பூசாரி அவர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்று பொட்டலங்களை வீட்டிலேயே ஒரே மாதிரி இலையில் ஒரே நூலால் கட்டி எடுத்துப் போனேன். கார்க்காரருக்குக் கொடுக்கலாமா என்று மனசுக்குள் கேட்டேன். சாமி கும்பிட வந்த ஓர் அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை.

“நல்ல மனுசனுங்க அவரு. அம்மனே சொல்லிருச்சு” என்றார் பூசாரி.

நான் வாயைத் திறக்கவே இல்லை. யாரைப் பற்றிக் கேட்டேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு வாய் குழறும், ஆனால் கிண்டல் போகவில்லை. “அம்மன்கிட்டக் கேட்டுட்டு வந்துட்டே. அந்த ஆளுகிட்டக் கேட்டியா?” என்றார்.

அடுத்த தடவை கார்க்காரர் வந்தபோது மகள் போனில் இருந்தாள். நான் கதவைவிட்டு வெளியே வந்து நின்றேன்.

“எங்களுக்குப் பணம் வர்றதை உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“இன்சூரன்ஸ்ல இருந்து சேதம் பார்க்க ஒருத்தர் வந்தாரல்லங்க, அவரு எம்பட மச்சானுங்க” என்றார், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போல. மகளுக்கும் கேட்கட்டும் என்று போனை அவர் பக்கம் நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. “என்னையப் போயி சந்தேகப்படறீங்களாம்மா?”

“ஆமாங்க” என்றேன். ஆண்பிள்ளைகளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மொபெட்காரருக்கே வேலையைக் கொடுத்தோம். வேலை முடிகிறவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். “வெய்யில்ல காயாதீங்கம்மா, ஓட்டைத் தூக்கிட்டு ஓடிர மாட்டேன்” என்று மேலிருந்து சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

முதல் பெருமழை ஒரு மத்தியானம் வந்தது. அறைக்குள் மூலைக்கு மூலை அண்ணாந்து பார்த்தேன்.

“ஒழுகலீன்னா உனக்குத்தான் தூக்கம் வராது” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

அம்மன் சொன்னதை மீறினேனோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. இன்னொன்று. மச்சான் என்றுதான் அவர் சொன்னாரா, வேறு சொந்தம் ஏதாவது சொன்னாரா? மகள் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டால் கிண்டல்தான் செய்வாள். இதை அச்சில் போடுகிறவர்கள், யாரும் படிக்கும் முன்னால் அவளிடம் விசாரித்துச் சரிபார்த்துவிடுங்கள். இல்லாததை ஒருவர்மேல் எழுதிவிட்டேன் என்று வரக்கூடாது.