தவளைக்காரி டோரீன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் டோரீனுக்குத் தவளைக்காரி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அதே வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே அதட்டி உட்கார வைக்கிறேன், இந்த லயத்து வாய்களை மட்டும் அடக்க முடியவில்லை.

மே மாதம் மழை பிடித்ததும் அவளுடைய வேலை தொடங்கும். கொட்டகலையில் பஸ் ஏறி வட்டவளைக்குப் போவாள். அங்கே தோட்டங்களுக்கு மேலே உள்ள பாதுகாக்கப்பட்ட காட்டில் ஒரு குழு மழைக்காலந்தோறும் தவளைகளைக் கணக்கெடுக்கிறது. ஹட்டன்காரரான ஷிஹாம்தான் தலைவர். ஓடையோரமாக ஆளுக்கு ஒரு பகுதி. சருகைக் கிளறிப் பார்க்க வேண்டும், இலைக்கு அடியில் முட்டை தேட வேண்டும், பொழுது சாயும்போது அசையாமல் நின்று சத்தம் கேட்க வேண்டும். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள். டோரீன் பூசமாட்டாள். தவளை தோலாலும் மூச்சு விடுகிறதாம், சவர்க்காரம் பட்டால் ஆகாதாம். கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்து நின்று, "டீச்சர், இன்னைக்கு ஒரு குட்டிய பாத்தேன், என் நகத்தளவுதான் இருக்கு!" என்பாள். அந்த ஜாதித் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து முழுத் தவளையாகவே வெளியே வருமாம். அதைச் சொல்லும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல அவள் முகம் பூரித்துப்போகும்.

இந்த வருடம் பெற்ற பிள்ளையால்தான் வம்பு வந்தது.

ஜெரோமி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். காய்ச்சல் வந்து போனதில் கைகால் சூம்பி, விலா எலும்பு தெரிந்தது. மிட்வைஃப் பார்த்துவிட்டு, காய்ச்சலால் வந்த மெலிவுதான், சாப்பிட்டால் தேறிவிடுவான் என்றார். லயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேரை விழுந்துவிட்டது என்றது. தேரை மேலே விழுந்தாலோ, தேரையைத் தொட்டவர் தூக்கினாலோ பிள்ளை வற்றிப்போகும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். தவளைக்காரியின் பிள்ளை மெலிந்தால் வேறு காரணம் யார் தேடப் போகிறார்கள்?

தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பிரா பேச்சியம்மாவின் பொறுப்பு. அவர் டோரீனை வாசலிலேயே மறித்துவிட்டார்.

"கோவிச்சுக்காத புள்ள. நீ தேரைய தொட்டுட்டு வந்து இவன தூக்குற. இவன தூக்குன கையால நான் மத்ததுகளயும் தூக்கணும். நாளைக்கு நாலு தாய்க்கு நான்தான பதில் சொல்லணும்?"

கூடப் போயிருந்த நான் பாய்ந்தேன். "என்னா பேச்சு பேசுறீங்க பெரியம்மா? மிட்வைஃப் சொன்னது கேக்கலயா?"

டோரீன் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க டீச்சர். அவங்க பயம் அவங்களுக்கு."

அவள் கணவன் றோலண்ட் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். பகலில் நான் பள்ளிக்கூடத்தில். பிள்ளைக்காம்பிரா இல்லையென்றால் இந்த மழைக்காலம் டோரீனுக்கு இல்லை. அவளுடைய ஓடை இன்னொருவர் கைக்குப் போய்விடும், பிறகு திரும்பி வரும் என்ற நிச்சயமும் இல்லை. ஷிஹாம் போனில் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "மழையும் தொடங்கிட்டு தானே தங்கச்சி. வேற ஆள் போடவா?" சரி என்று சொல்லி வைத்துவிட்டு, ஜெரோமியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, லயத்துக்கே தண்ணீர் விழுகிற பீலிக்கரையில், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தன் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது குழுவின் பூட்ஸ், வட்டவளைக்குப் போய் ஒப்படைக்கப் போகிறாளாம். அடிப்பாகத்துக் கோடுகளில் இருந்த சேற்றைக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தாள். கைவிட்டுப் போன வேலைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. குடத்தோடு வந்த பேச்சியம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

"வர்றப்ப கழுவுனா அர்த்தம் இருக்கு. போறப்ப எதுக்கு புள்ள கழுவுற?"

"நம்ம சேறு அங்க போகக்கூடாது பெரியம்மா. ஒரு எடத்து நோவு கால்ல ஒட்டிக்கிட்டு அடுத்த ஓடைக்குப் போயிரும். தவளைக்குத் தோல்ல புடிக்கிற நோவு. புடிச்சா கூட்டமா செத்துப்போகும்."

"நம்ம காலுனாலயா?"

"கையினாலயும்தாங்க. அதான் புதுக் கையுறை போட்டு, நனைச்சுக்கிட்டுத் தொடுவோம். ஒண்ண தொட்ட கையுறையோட இன்னொண்ண தொட மாட்டோம்."

பேச்சியம்மா குடத்தை இறக்கி வைத்தார். கொழுந்து மலையிலிருந்து வருகிற எந்தத் தாயையும் கையும் மார்பும் கழுவாமல் பால் கொடுக்க விடாதவர் அவர். மருந்தடித்த மலையிலிருந்து வந்தால் குளித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார். அதற்காக எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். இப்போது பூட்ஸையும் டோரீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, அதுக குஞ்சு மெலிஞ்சுபோனா, மனுசன் வுழுந்துட்டான்னு சொல்லுமாக்கும்?"

"சொல்லும் பெரியம்மா. அதுக சொன்னா நெசமாத்தான் இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். பேச்சியம்மா சிரிக்கவில்லை. பீலித் தண்ணீரில் இரண்டு கைகளையும் முழங்கை வரை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடு அவன. கஞ்சி குடிச்சானா?"

டோரீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவசரத்தில் முடிச்சை இழுத்து இன்னும் இறுக்கிவிட்டாள். நான்தான் அவிழ்த்துவிட்டேன். போனை எடுத்து ஷிஹாமிடம், "சேர், ஆள் போட்டுட்டீங்களா?" என்று கேட்டவள், பதிலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். இன்னும் போடவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஈர பூட்ஸை அப்படியே காலில் மாட்டிக்கொண்டு பாதைக்கு ஓடப்போனாள்.

"ஏய், கழட்டுடி அத!" என்று ஜெரோமியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சியம்மா கத்தினார். "கையில எடுத்துக்கிட்டுப் போ. ரோட்டுச் சேறு ஒட்டிக்கிரும்!"