உளுந்துச் செடி மேல் ஓடிய எட்டு சிலிண்டர்

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சென்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். என் எதிர்வீட்டு அஹமது கபீர் 1996இல் பிஸ்டன் ரிங்கும் கேஸ்கட்டும் கொண்டுவந்தார். எல்லாம் நீடாமங்கலம் அரிசி ஆலைக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த பழைய அமெரிக்கக் காருக்காக. ஷார்ஜாவில் இப்படிப்பட்ட எட்டு சிலிண்டர் கார்களுக்கு அவர் மெக்கானிக்.

மனைவி மெஹராஜ் பேகத்திடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். என்ஜின் கொதிக்காமல் ஓடினால் இங்கேயே பட்டறை; கொதித்தால் மறுபடி ஷார்ஜா. கல்யாணமானதிலிருந்து புருஷனை விடுமுறையில் மட்டுமே பார்த்தவர் அந்தப் பெண்.

கபீர் என்ஜினைப் பிரித்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். ஏன் என்று கேட்டால், “சத்தம் சரியில்லைங்க” என்பார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். ஆனாலும் தினமும் போய்ப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பங்குனியில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நான். மெஹராஜ் வெப்பம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில்லாத சாலை கிடைத்ததும் கபீர் மிதித்தார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சாலை நெடுக உளுந்துச் செடி பரப்பியிருந்தது. போகிற வண்டிகளே மிதித்துக் காயை உடைக்கட்டும் என்று எங்கள் பக்கத்தில் அப்படித்தான் போடுவார்கள். அதன்மேல் பறந்தார் கபீர். முள் சரசரவென்று ஏறியது, ஆவி கிளம்பியது.

வண்டியை நிறுத்தினார். “அவ்வளவுதான் மெஹராஜ். டிக்கெட் போட்டுடறேன்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் என்ன பேச்சு இது?

உளுந்துக்குச் சொந்தக்காரி நாகம்மாள் சுளகோடு வந்தார். “செடி மேல இவ்வளவு வேகமா வரலாமா? சருகெல்லாம் உள்ள போயி அடைச்சுக்குமே. வெளியூரா தம்பி?”

கபீரின் முகம் சுருங்கிவிட்டது. மெஹராஜ் இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தார். ரேடியேட்டர் முகம் முழுக்க உளுந்துச் சருகு.

“இங்க வந்து பாருங்க. மூச்சுவிட வழியில்லாம கெடக்கு.”

ஆறவிட்டு, சருகைத் தட்டி, வாய்க்கால் தண்ணீர் ஊற்றினோம். செடி இல்லாத பக்கமாகப் போய், அதே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினார். முள் பாதியில் நின்றது; நகரவே இல்லை. மெஹராஜ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது உளுந்தின்மேல் மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, நாகம்மாள் அருகே நிறுத்தினார் கபீர். “நான் நீடாமங்கலந்தாம்மா. இங்கதான் இருக்கப்போறேன்.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்றார் நாகம்மாள். “நாளைக்கும் இதே மாதிரி மெதுவா வாங்க. இன்னும் ரெண்டு மா நெலத்து உளுந்து இருக்கு.”