கீழ் வீடு, மேல் வீடு

ஒரு வாரமாக மெஹராஜுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு வருவாள், மேலே பார்ப்பாள், உள்ளே போவாள்.

தாராவியில் அது அவள் புருஷன் காசிம் தோல் பை தைத்துக் கட்டிய வீடு. அதன் தலையில் ஓர் அறை எழுப்பி, இட்லி விற்கும் ஆவுடையம்மாளையும் அவள் புருஷன் சொரிமுத்துவையும் வாடகைக்கு வைத்தார். வாசலோரத்து இரும்பு ஏணிதான் அவர்களுக்கு வழி. காசிம் மௌத்தான பிறகு மெஹராஜ் தையலுக்குப் போன நாட்களில், மகன் பைசானுக்கு ஊட்டிவிட்டது ஆவுடையம்மாள்தான். சாச்சி, சாச்சி என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன் அவன்.

எல்லாவற்றையும் இடித்துப் புது வீடு தரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சாதியும் மதமும் போதாதென்று சந்து இப்போது மாடிக்கணக்கில் பிரிந்தது. கீழே இருப்பவர்களுக்கு இங்கேயே வீடாம். மேலே இருப்பவர்களைத் தொலைவில் மான்குர்த் பக்கம் தள்ளிவிடுவார்களாம். மேல் வீட்டையும் கணக்கில் சேர்த்தால் கீழ் வீட்டுக்காரன் பங்கு குறையுமாம். எவனும் எதையும் கண்ணால் பார்த்தவனில்லை.

கீழ் வீட்டுக்காரர்கள் தனியாகக் கூட்டம் போட்டார்கள். மேலே போகும் தண்ணீர்க் குழாயை யாரோ அறுத்தார்கள். பதிலுக்கு மேலேயிருந்து அழுக்குத் தண்ணீர் விழுந்தது. சொரிமுத்து டீக்கடையில் கன்னத்தில் அறை வாங்கினான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இரண்டு பக்கமும் கொம்பு சீவிவிட வெளியாட்கள் வந்து போனார்கள். தொண்ணூற்றிரண்டு கலவரத்தில் இதே சந்தில் கதவடைத்துக் கிடந்தவள் மெஹராஜ். அப்போதும் முதலில் அக்கம்பக்கத்துப் பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிற்று.

பைசான் சொன்னான்: "ஏணி இல்லன்னா அது வீடு இல்ல உம்மா, வெறும் பரண். கணக்கெடுக்க சர்வேக்காரன் வர்றதுக்குள்ள வெட்டிரணும். எல்லாரும் வெட்டுறானுவ."

"அவ எப்படில எறங்குவா?"

"முந்தியே எறங்கிப் போவச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அவன் வெட்டும் மெஷின் வாங்கிவரப் போன நேரத்தில், மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் மெஹராஜ் ஏணியில் ஏறினாள். பெற்றவள் மேலே இருந்தால் மகன் ஏணியில் கை வைக்கமாட்டான் என்று நம்பினாள்.

மேலே ஆவுடையம்மாள் மட்டும் இருந்தாள். வாசற்படியை ஒட்டி, ஏணிக்கு நேராக அடுப்பை நகர்த்தி வைத்திருந்தாள். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தன.

"இட்லி ஊத்தலியா ஆவுடை?"

"இல்லக்கா."

"பொறவு எதுக்கு இம்புட்டு வெந்நி?"

ஆவுடையம்மாள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஏணில கை வைக்கிறவனுக்கு."

"வைக்கப் போறது பைசான்டி."

"தெரியும்."

மெஹராஜுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கொப்பரைக்கும் வாசலுக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கீழே மெஷின் இரையத் தொடங்கியது.

"நிறுத்துல," என்று எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"முதல்ல சாச்சிய எறங்கச் சொல்லு," என்றான் பைசான்.

மெஹராஜ் திரும்பினாள். "அடுப்ப அணைடி."

"முதல்ல அவன நிறுத்தச் சொல்லுங்கக்கா," என்றாள் ஆவுடையம்மாள்.