மாலை போட்ட வண்டி

வண்டியை ஓட்டியது அப்பா. டேங்க் மேல் நான். பின்னால் அம்மா. அம்மா மடியில் தம்பி, ஒன்றரை வயசு. எதிரே கை காட்டி நிறுத்தியது ஒரு போலீஸ்காரர். இடம் கொட்டாரம் ஜங்ஷன்.

ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் அது. திருவிழாவில் எங்கள் ஊர் வண்டிகளை எல்லாம் மாதா கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்காக வண்டிக்கு மாலை போடுவோம். மந்திரித்த மாலையைக் கையால் கழற்றக் கூடாது. காய்ந்து அதுவாக விழ வேண்டும். அப்பா வாங்கியது பெரிய மாலை. முன்பக்க நம்பரை மூடிக்கொண்டு தொங்கியது.

நாலு பேர் இருந்ததைப் போலீஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நம்பர் எங்கே என்றுதான் கேட்டார்.

"மாலைக்கு அடியில கெடக்கு" என்றார் அப்பா.

"கழட்டி வச்சிட்டுப் போங்க."

"மந்திரிச்ச மாலை சார். கழட்டப்பிடாது."

"அப்போ எழுதட்டா?"

"எழுதுங்க."

அங்கேயே பணம் கட்டலாம் என்றும் சொன்னார். அப்பா கட்டவில்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போலீஸ்காரர் அப்பாவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஜெயிலுக்குப் போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அப்பா கல்ஃபில் கட்டட வேலை செய்தவர். லீவில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்காக பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். அதற்குப் போலீஸ் விசாரணை வர வேண்டும். பேரில் கேஸ் கிடந்தால் பாஸ்போர்ட் வராது, விசா கைவிட்டுப் போகும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

தம்பி பிறந்தபோது அப்பா ஊரில் இல்லை. வந்த புதிதில் அவர் தூக்கினால் தம்பி வீறிட்டு அழுவான். அந்த மாதம்தான் அழாமல் அவர் தோளில் தூங்கப் பழகியிருந்தான்.

சாயங்காலம் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. வேன் ஓட்டுகிறவர். கோர்ட்டு வழக்கம் அவருக்குத் தெரியும்.

"ஒத்துக்கிட்டுப் பணத்தக் கெட்டினா அன்னைக்கே தீரும் மச்சான். கேஸ் நடத்துனா ஒரு வருசம் இழுக்கும்."

"ஒரு வருசந்தானா?" என்றார் அப்பா. "அதுக்கு மேல இழுக்காதா?"

"பயப்படாதீங்க. அதுக்கு மேல போவாது."

அப்பா தம்பியை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"இஞ்ச பாருங்க" என்றாள் அம்மா. "வீட்டுக்கு மேல கம்பி துருப்பிடிச்சு நிக்குது. கூரை வார்க்காண்டாமா? ஒரு மாலைக்காண்டி விசாவ விடுவியளா?"

"மாலைய நான் கழட்ட மாட்டேன்."

"உங்கள ஆரு கழட்டச் சொன்னா? பணத்தக் கெட்டுங்க."

"மாலையையும் கோர்ட்டுக்குக் கொண்டு போவோம் மச்சான். அது வந்து சாட்சி சொல்லட்டு" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை.

அப்பா அசையவில்லை. டீக்கடையில் சொன்னார், கோயில் முற்றத்தில் சொன்னார், கேஸ் நடத்தத்தான் போகிறேன் என்று. இப்படி ஒரு விசுவாசியைப் பார்த்ததில்லை என்றார்கள் ஊரில். விஷயம் சாமியார் காதுக்குப் போனது. அவர் வழியில் எங்கள் வண்டியை நிறுத்தினார்.

"நானே கழட்டித் தாறேன். மாதா கோவிச்சுக்கிட மாட்டா."

"இருக்கட்டு சாமி" என்று அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கோர்ட்டுக்கு முந்தின வாரமே மாலை காய்ந்து விழுந்துவிட்டது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பிறகும் அப்பா கேஸ் நடத்துவேன் என்றுதான் சொன்னார். அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் போலீஸா என்று ஓடிப் பார்ப்பேன். ஜெபம் சொல்லும்போது மாதாவிடம் ஒன்றைத்தான் கேட்டேன். அப்பா பணத்தைக் கட்டிவிட வேண்டும். கட்டினால் அப்பா வீட்டில் இருப்பார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு எல்லாரும் போனோம். அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றார். பேர் கூப்பிட்டதும் அம்மாவிடம் கொடுத்தார். அவன் அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றான். விரல்களை அம்மா பிரித்துவிட்டாள். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம்.

குற்றத்தை ஒத்துக்கொள்கிறீரா என்று ஜட்ஜ் கேட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. காது கேட்காதவர் என்று நினைத்து அவர் சத்தமாக இன்னொரு தடவை கேட்டார். அப்பா திரும்பி எங்களைப் பார்த்தார். தம்பி அழுதுகொண்டிருந்தான். ஒத்துக்கொள்ளச் சொல்லி அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒத்துக்கிடுதேன் ஐயா" என்றார் அப்பா.

எனக்கு உயிர் வந்தது. மாதா கேட்டுவிட்டாள், இனி அப்பாவை யாரும் கொண்டுபோக முடியாது என்று நினைத்தேன். வெளியே வந்து மாமாவிடம் சர்பத் கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்பா தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். எதற்கு இப்படி முகத்தை வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட் வந்து, அப்பா பெட்டி கட்டி, மாமா வேனில் ஏறிப் போனபோதும், அவர் கோர்ட்டில் ஒத்துக்கொண்டதையும் இந்தப் பயணத்தையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

கோர்ட்டில் அன்றைக்கு அப்பா கட்டிய அபராதம் நூறு ரூபாய்.