மச்சாள் ஆடிய ஒரேயொரு வலைப்பந்து

என் மாமாவின் மகள், என் மச்சாள், பிரான்சில் சம்பளத்துக்குப் பந்து விளையாடுகிறார் என்பது மிச்சம் என்கிற ஆங்கிலேய ஊரில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா சொல்லாமல் விட்ட வீடு கிடையாது. அது என்ன பந்து என்பதில்தான் அம்மா கொஞ்சம் சறுக்கிவிட்டார். பெண்பிள்ளைகள் கையால் பிடித்துக் கையால் எறியும் பந்து என்றால் யாழ்ப்பாணத்தில் படித்த அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான், வலைப்பந்து. பள்ளிக்கூட அணியில் ஆடியவர் வேறு. ஹாண்ட்போல் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஓடலாம், இடிக்கலாம், பாய்ந்து எறியலாம் என்று மச்சாள் போனில் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறார். அம்மா "ஓம் ஓம், அதுதான்" என்பார்.

எனக்குப் பத்து வயதான கோடையில் மச்சாள் இரண்டு கிழமை எங்களோடு தங்க வந்தார். இடது முழங்காலில் ஒப்பரேஷன் நடந்து ஒரு வருடமாக அவர் விளையாடவில்லை. கழகம் அடுத்த ஒப்பந்தத்தை எழுதாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பிரான்ஸ் திரும்பியதும் வருகிற புதன்கிழமை, பயிற்சியாளருக்கு முன்னால் இடக்காலை ஊன்றிப் பாய்ந்து காட்ட வேண்டும். பாய்ந்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் இருபத்தாறு வயதில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் மச்சாள் இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி யாரோ ஒருத்தியின் கதையைப் போலச் சொன்னார்.

"கால் சுகம் எண்டு டொக்டர் சொல்லுறார் மாமி. காலுக்குத்தான் அது தெரியேல்லை."

காலையில் அவர் தோட்டத்தில் பயிற்சி செய்வதை நான் சமையலறை ஜன்னலால் பார்ப்பேன். ஓடுவார், குந்தி எழும்புவார், எல்லாம் நன்றாக நடக்கும். பாய்வதற்கு மட்டும் இரண்டு அடி வைத்து வருவார், மூன்றாவதில் அடுப்பை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தவர் போல நின்றுவிடுவார்.

ஒவ்வொரு கோடையும் அம்மாவின் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகளோடு பூங்காவில் வலைப்பந்து ஆடுவார்கள். நான்கு வருடமாக நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். நாங்கள் என்று சொல்கிறேன், அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட நான் கண்டதில்லை. மச்சாளும் கண்டதில்லை. அது அம்மாவுக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை.

"என்ரை அண்ணன்ரை பிள்ளை எண்டால் எங்கடை பள்ளிக்கூடந்தானே. நெற்போலிலை முழங்காலுக்கு என்ன வேலை?" என்று சொல்லி, மச்சாளைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டார்.

மச்சாள் சிரித்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி, விளையாடுறன்" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. எதிரணித் தலைவியின் மகள் என் வகுப்பு. இந்த முறை உன் அம்மா ஆட்கள் துலைந்தார்கள் என்று அவளிடம் வெள்ளிக்கிழமையே சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியது. மச்சாள் பந்தைப் பிடித்து மூன்று அடி வைத்தார், விசில். வலைப்பந்தில் பந்தோடு நடக்கக்கூடாது. அடுத்த முறை தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார், ஒரு அன்ரி புல்லில் போய் உட்கார்ந்தார், மறுபடி விசில். அவர் பிரான்சில் எதற்கெல்லாம் சம்பளம் வாங்கினாரோ அதெல்லாம் இங்கே பிழை. சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்துப் போட்டிருந்த நடுவர், ஓய்வுபெற்ற ரீச்சர், ஒவ்வொரு முறையும் கிட்டப் போய், "பிள்ளை, காலை அசைக்கப்படாது" என்று பாடம் எடுத்தார். வகுப்புத் தோழி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மச்சாளைத் தெரியாதென்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

ஆனாலும் கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமன். பந்து நடுவில் நின்ற மச்சாளின் கைக்கு வந்தது. கூடைக்குள் போட வேண்டியவர் வேறொரு அன்ரி. "அவவுக்குக் குடு! அவவுக்குக் குடு!" என்று அம்மா கத்தினார். மச்சாள் கொடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று அடி வைத்தார். மூன்றாவதில் நிற்கவில்லை. இடக்காலை ஊன்றி எழும்பினார். பந்து அவர் கையை விட்டுப் போன வேகத்தில், மணல்மூட்டை வைத்து நிறுத்தியிருந்த கம்பம் கூடையோடு சாய்ந்து விழுந்தது.

விசில் நெடுநேரம் கேட்டது. பந்து எதிரணிக்குப் போனது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கியதும் அவர்கள் ஒன்று போட்டார்கள், நாங்கள் ஐந்தாவது வருடமாகத் தோற்றோம்.

எல்லாரும் கம்பத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் மட்டும் தள்ளி நின்று ஒற்றைக் காலில் இரண்டு மூன்று தரம் துள்ளிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீன் ரோல்ஸ் நான்கு சாப்பிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"தோத்துப் போனம்" என்றேன்.

"ஓமடி, தோத்துப் போனம்" என்றார், வாயெல்லாம் பல்லாக.

வெட்கம் கெட்ட மனுஷி என்று நினைத்தேன். அன்றிரவு நான் அவரோடு பேசவில்லை. அம்மாவும் தேவைக்கு மட்டும்தான் பேசினார்.

மறுநாள் ரயிலேற்றிவிடப் போனோம். மச்சாள் குனிந்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் எங்களுக்கு நெற்போல் விளையாட வராதேங்கோ" என்றேன்.

"வர ஏலாது. எனக்கு மட்ச் இருக்கும்" என்றார்.

தோற்றதற்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் சாக்குச் சொல்கிறாரே என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது. புதன்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. இவருக்கு யார் மட்ச் கொடுத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.