ஆறப் பொறுத்த அச்சு

டெல்லி துவாரகாவில் அக்கா குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பெரிய வெள்ளை ஓடு சாய்ந்து நிற்கிறது. தெரியாதவர்கள் உடைந்த படகின் பாதி என்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று நினைத்தவர்களும் உண்டு. அது ஒரு கார் பானெட்டின், அதாவது எஞ்சின் மூடியின், அச்சு. பானெட்டில் மேடாக இருந்ததெல்லாம் இதில் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அதன் வழவழப்பில் ஓரிடம் மட்டும் மங்கித் தெரியும். உள்ளங்கை அகலத்தில், பிறை போல ஒரு வளைவு. மாடிக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தப் பிறையைத்தான் தேடுகிறது.

அதைச் செய்தவர் அத்தான், அக்காவின் கணவர். விமான நிலையத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். எத்தனை வருஷம் டெல்லியில் இருந்தாலும் அவர் பேசும் இந்தி வேட்டி கட்டிக்கொண்டுதான் வெளியே வரும். எதற்கும் ஒரு சொலவடை வைத்திருப்பார். கறிகாய் வாங்கும்போது ஒன்று, மெட்ரோ தாமதமானால் ஒன்று. நான் அப்போது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை துவாரகாவுக்குப் போவது அக்கா வைக்கும் குழம்புக்கு என்று சொல்லிக்கொள்வேன். பாதி இவர் பேச்சுக்கு.

அக்காவிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. ரேடியேட்டரில் எங்கோ மெல்லிய ஒழுக்கு. எத்தனை மெக்கானிக் பார்த்தும் தீரவில்லை. அதனால் தினம் காலையில் பானெட்டைத் தூக்கித் தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். குழந்தைக்கு நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது மாதிரி அதில் அவளுக்கு ஒரு பிரியம். ஒரு குளிர்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளில் அறுவைச் சிகிச்சையானது. அதன் பிறகு அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. அந்த இரும்பு மூடியை இடது கை தனியாகத் தாங்காது. கொஞ்ச நாள் வாசல் காவலாளியை, "பையா, ஜரா உட்டா தோ" என்று இந்தியில் அண்ணன் முறை வைத்துத் தூக்கித் தரச் சொன்னாள். ஒரு நாள் காலை அவர் கேட்டருகே யாருடனோ பேசிக்கொண்டிருக்க, இவள் காரின் முன்னால் வெகுநேரம் காத்து நின்றாளாம். அன்றோடு சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"ஒரு மூடியத் தொறக்க ஆள் கூப்பிடணும்னா எனக்கு எதுக்கு வண்டி? யாருக்காவது குடுத்துருங்க."

வண்டியை விட்டவள் மெல்ல மெல்ல வெளியே போவதையும் விட்டாள். கோயில், கடை, என் வீடு, ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அத்தான் ஒரு வாரம் பார்த்தார். பிறகு சாப்பிடும்போது கேட்டார்: "ஏட்டி, உனக்குக் கனக்கது வண்டியா, மூடியா?"

"மூடிதான்."

"அப்போ மூடியத்தான மாத்தணும்? தலைவலிக்குத் தலையவா வெட்டுவாக?"

கார்பன் ஃபைபர் என்ற பெயரை எங்கே பிடித்தாரோ. வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். கறுப்புத் துணி, கோரைப்பாய் போல நெசவு, எடுத்தால் கையில் எடையே தெரியாது. ரெசின் என்ற பிசினைப் பூசி இறுகவிட்டால் இரும்பு மாதிரி விறைத்து நிற்கும். ஆனால் துணிக்குத் தானாக ஒரு வடிவம் கிடையாது. பழைய பானெட்டின் மேல் முதலில் ஓர் அச்சு எடுக்க வேண்டும், அந்த அச்சுக்குள்தான் புதியது பிறக்கும். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாக? அச்சுல என்ன இருக்கோ அதுதான் புள்ள மூஞ்சியில இருக்கும்" என்பார். கீழ்வீட்டு கர்னல், ஓய்வு பெற்ற பஞ்சாபி, மாடி ஏறி வந்து பந்தயத்துக்கா போகப்போகிறாய் என்று இந்தியில் சீண்டினார். "நான் இல்ல கர்னல் சாப், மேரி பீவி ஜாயேகி", போகப்போவது என் பெண்டாட்டி, என்றார் அத்தான். இது என்ன என்று கேட்டதற்கு, "அச்சு" என்றார். கர்னல் காதில் அது 'அச்சா' என்று விழுந்தது. "அச்சா தோ ஹை, பர் ஹை க்யா?" நல்லதுதான், ஆனால் என்னதான் இது? அன்றிலிருந்து அடுக்ககம் முழுக்க அதற்கு 'அச்சா' என்றே பெயர்.

அந்த ஞாயிறுகளை இப்போது நினைத்தால் கனவில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன. மூடுபனி விலகியதும் பால் மாதிரி ஒரு வெயில். இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்திய பானெட். அச்சு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அத்தான் அதற்கு மெழுகு தேய்ப்பார், துடைப்பார், மறுபடி தேய்ப்பார். இறங்கும் விமானங்களின் நிழல் பானெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு அதைப் பார்த்திருப்போம். மெழுகுக்கு மேல் தண்ணீரில் கரையும் மெல்லிய பூச்சு ஒன்று. அது காய்ந்ததும் ரெசினும் கண்ணாடி நார் விரிப்பும் அடுக்கடுக்காக. குளிரில் ரெசின் இறுக மறுத்தது. "தூங்குது" என்றார் அத்தான். வீட்டிலிருந்த ரஜாயை, பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வையை, எடுத்துவந்து போர்த்தினார். கர்னல் வீட்டம்மாள் தன் பங்குக்கு ஒன்று அனுப்பினாள். மூன்றாம் மாடியிலிருந்து இன்னொன்று வந்தது. காய்ச்சல்காரனைப் போல அச்சு மெத்தைகளுக்குள் கிடந்தது. திறந்து பார்க்கலாமா என்று நான் அவசரப்படும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "ஏ பிள்ள, ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்கக் கூடாதா?"

பிரிக்கும் நாள் வந்தது. பிரியாவிட்டால் அச்சும் போச்சு, பானெட்டும் போச்சு, சாவி படத்துக்குப் பின்னாலேயே கிடக்கும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரத் தோசைக் கரண்டியை விளிம்பில் சொருகி அத்தான் தட்டினார். கர்னல் இடுக்கில் வெந்நீர் ஊற்றினார். முக்கால்வாசி 'டொக் டொக்' என்று விட்டுக்கொடுத்தது. ஒரு மூலை மட்டும் பிடித்துக்கொண்டது. அத்தான் கண்ணை மூடி இழுத்தார். கிழிகிற சத்தம். அச்சு கையோடு வந்தது. அந்த மூலையில் பானெட்டின் பெயின்ட் பிறை வடிவில் உரிந்து அச்சில் ஒட்டியிருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "ஏங்க, இது நான் துடைச்ச இடம்லா? டீ கொண்டுவந்தப்போ தூசியா இருந்துச்சேன்னு ஈரத்துணியால..."

டெல்லிக்காரிக்குக் காரில் தூசியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்த ஈரத்தில் பூச்சு கரைந்துபோயிருக்கிறது. அத்தான் பிறையை விரலால் அளந்தார். அவளுடைய வலது கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். கை எட்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் தோள் விடவில்லை.

"நல்லவேளைட்டி, உன் தோள் கெட்டுது" என்றார். "கை நல்லா இருந்திருந்தா மகராசி முழுசையும்லா துடைச்சிருப்பா! மொத்தமும் காயலான் கடைக்குப் போயிருக்கும்."

கர்னலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் மடக்கு நாற்காலி குலுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்தத் தோளை வைத்து அவள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அச்சின் மற்ற குறைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார் அத்தான். "இதையும் தேய்ச்சுருங்க" என்று அக்கா எவ்வளவோ சொல்லியும், ஒட்டிய பெயின்டைச் சுரண்டியதோடு சரி, பிறையைத் தொடவில்லை. புதிய பானெட் கறுப்பாக, பளபளப்பாக, ஓரத்தில் அந்தப் பிறையோடு பிறந்தது. வண்டியில் பூட்டிய மறுநாள் காலை அக்கா இடது கையால் அதைத் தூக்கினாள். இரும்பின் கனத்துக்குத் தயாராக இருந்த கை, பாரமில்லாத மூடியோடு விருட்டென்று மேலே போக, தடுமாறிப் பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சரோஜினி நகருக்கு, என் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தாள்.

வயதான வண்டிகளுக்கு டெல்லியில் இடமில்லை என்று பிற்பாடு அந்தக் கார் பானெட்டோடு போய்விட்டது. அக்கா இப்போது வேறு கார் ஓட்டுகிறாள். அதில் தினம் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. அத்தானும் போய் இது இரண்டாவது குளிர்காலம். மாடியில் சோலார் பலகை வைக்கப் போகிறார்கள், பழைய சாமான்களை எடுத்துவிடுங்கள் என்று சொசைட்டியில் சொல்லியிருக்கிறார்கள். போன ஞாயிறு, ஏற்பாடு செய்யவா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் வெயிலில் உலர்த்த ரஜாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்திருந்தாள். கொடி காலியாகத்தான் இருந்தது. அவள் அச்சின் மேல் அதை விரித்தாள். ஓரத்தை விலக்கி வலது கையைப் பிறையின் மேல் வைத்துக்கொண்டாள். இன்றும் சரியாக அங்கேதான் எட்டுகிறது. ஒரு விமானத்தின் நிழல் எங்களைத் தாண்டிப் போயிற்று.

"இருக்கட்டும்ட்டி" என்றாள். "இன்னும் ஆறல."