புடவைக் காசில் எடுத்த பரங்கிக்காய்

மொய்க் கவர்களில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே வரும். செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஃபேன்சி கடையில் பத்துக் கவர்களை ஒரு கட்டாக விற்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை நான் அதில் ஒன்றை எடுத்து, உள்ளே புது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் பத்தை வைத்து, மேலே என் தங்கையின் பெயரை என் கையெழுத்தில் எழுதி அப்பாவிடம் கொடுப்பேன். பணம் அவளுடையது. அவள் அயர்லாந்தில் நர்ஸ். அப்பாவுக்கு ஏ.டி.எம். பழக்கமில்லாததால் என் கணக்குக்கு அனுப்புவாள். பணமாகக் கைக்கு வந்தால் மட்டும் அப்பாவுக்குப் போதாது, அவளே நேரில் வந்து கொடுத்தது மாதிரி வரவேண்டும். ஒரு வருடம் பேங்கில் புது நோட்டு கிடைக்காமல் பழைய நோட்டுகளைக் கொண்டுபோனேன். "இன்னாம்மா, அவ அனுப்ச்ச நோட்டு இப்டி கசங்கிக் கீது?" என்று கேட்டார். அயர்லாந்திலிருந்து நோட்டுகளே விமானம் ஏறி வருவதாக நினைத்தாரோ என்னவோ. கசக்கியது நான்தான் என்பது போல என்னைப் பார்த்தார்.

அப்பா புதுப்பட்டினத்தில் தனியாக இருந்தார். பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் தோட்ட வேலை செய்து ஓய்ந்தவர். அம்மா போனபோது தங்கைக்குப் பத்து வயது, எனக்குப் பதினேழு. அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பியது வரை எல்லாம் நான். கல்யாணமாகி நான் செங்கல்பட்டுக்கு வந்து, ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்த பிறகும் ஞாயிறு தவறாமல் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய்விடுவேன். வாரத்துக்கான பிரஷர் மாத்திரைகளைப் பிரித்து வைப்பேன், கோயிலுக்குக் கூட்டிப் போவேன், மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவேன். இதையெல்லாம் கணக்குச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், காட்டத்தான் சொல்கிறேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்பாவுக்கு அயர்லாந்து என்று வாயில் வராது. "சின்னவ லண்டன்ல கீறா" என்பார். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "பெரியவ இங்கதான், செங்கல்பட்ல" என்பதோடு முடிந்துவிடும். அந்த 'இங்கதான்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் வாங்கிக்கொடுத்த மிக்ஸியைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசி நான் கேட்டதில்லை. தங்கை அனுப்பிய கம்பளிக் குல்லாயை, புதுப்பட்டினத்துப் புழுக்கத்தில், போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

இந்தக் கவர் எதற்கு என்று சொல்ல வேண்டும். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே அறுப்பின் பண்டிகை அன்று சபையார் தங்கள் வீட்டில் விளைந்ததை, வளர்த்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, சேவல், முட்டை என்று இருக்கும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்குப் போகும். விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்காது. பத்து ரூபாய் எலுமிச்சம்பழத்தை அறுநூறுக்கு எடுத்தவர்கள் உண்டு. எடுத்தவர் யார் பேருக்கு என்று சொல்ல, செயலாளர் அந்தப் பெயரை மைக்கில் அறிவிப்பார். போதகர் ஐயா அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சின்ன ஜெபம் பண்ணுவார். அந்தப் பெயருக்காகத்தான் எல்லோரும் கையைத் தூக்குவது. அப்பா ஒவ்வொரு வருடமும் கவரோடு முன்வரிசையில் உட்கார்ந்து ஏதாவது ஒன்றை எடுப்பார். தங்கையின் பெயர் ஒலிக்கும். தலைகுனிந்து ஜெபிக்க வேண்டிய நேரத்தில் அவர் நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பார்.

அவள் எனக்கும் அனுப்பாமல் இல்லை. அப்பாவுக்கான ஐயாயிரத்தோடு மூவாயிரம் சேர்த்து அனுப்பி, "அக்கா, உனக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக்கோ" என்று வாட்ஸாப்பில் எழுதுவாள். கூடவே ஒரு பூங்கொத்துப் படம். ஒவ்வொரு வருடமும் "தேங்க்ஸ்டா" என்று பதில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பணம் ஒரு வாரத்துக்கு என் கைப்பையில் கனத்துக்கொண்டு கிடக்கும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் அளவுக்கு எனக்கு ரோஷமும் இல்லை, சந்தோஷமாகச் செலவு செய்யும் அளவுக்குப் பெரிய மனசும் இல்லை. கடைசியில் புடவை எடுப்பேன். கட்டும்போதெல்லாம் யாராவது, "தங்கச்சி காசா?" என்று கேட்பார்கள்.

ஒரு வருடம் பண்டிகைக்கு முந்தின வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூடவே இருந்தேன். கஞ்சி காய்ச்சினேன், உடம்பு துடைத்துவிட்டேன். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தவர் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, "அவ அனுப்ச்சிட்டாளா?" கவரை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளாக என்னை அப்படி ஒருமுறை பார்த்திருந்தால் நான் அடுத்து செய்ததைச் செய்திருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏலத்தில் நாலைந்து பொருள் போன பிறகு ஒரு பெரிய பரங்கிக்காய் வந்தது. அப்பா இருநூறு என்று ஆரம்பித்தார். ஆயிரம் வரை இரண்டு மூன்று பேர் கூட வந்து விலகினார்கள். நான் பெண்கள் பக்கத்தில், ஐந்தாவது வரிசையில் இருந்தேன். யோசித்துத் தூக்கினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கை மேலே இருந்தது. செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பெண்கள் பக்கம் ஆயிரத்து இருநூறு" என்றார். அப்பா திரும்பவில்லை. ஏலத்தில் போட்டிக்காரன் யாரென்று திரும்பிப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆயிரத்து ஐந்நூறு என்றார். நான் தூக்கினேன். இரண்டாயிரம் என்றார். தூக்கினேன். கோயிலே குலுங்கிச் சிரித்தது. அப்பனும் மகளும் கோயிலுக்காக விளையாடுகிறார்கள் என்று நினைத்தார்கள். என் பக்கத்தில் இருந்த அத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும், கைய எறக்கு" என்று முந்தானையை இழுத்தாள்.

நான் இறக்கவில்லை. கவரில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வைத்தவளே நான்தானே. அதற்குமேல் அவரால் போக முடியாது. அவர் ஐயாயிரம் என்றதும் நான் கையைத் தூக்கி, சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் ஐயாயிரத்து நூறு என்று வாய்விட்டே சொன்னேன். முன்வரிசையில் சத்தமில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் முடிந்தது. முப்பது ரூபாய்ப் பரங்கிக்காய். நான் வெற்றிபெற்றவள் மாதிரி நடந்துபோய் மேசை முன்னால் நின்று கைப்பையைத் திறந்தேன். திறந்தபோதுதான் உறைத்தது. என் பணமாக அதில் இருந்தது கரண்ட் பில்லுக்கு வைத்திருந்த இரண்டாயிரத்து ஐந்நூறு. மீதி, தங்கை அனுப்பிய புடவைக் காசு.

செயலாளர், "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார். என் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அப்பா எழுந்து திரும்பினார். என்னைப் பார்த்ததும் தோற்ற முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கோபமே இல்லை. சபை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"அட, நம்ம பெரியவளா! சின்னவ இவளுக்கும் தனியா அனுப்ச்சிருப்பா. தங்கச்சி பேருக்குத்தான் எடுக்குறா. எழுதுங்க."

இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? கையில் இருந்த நோட்டுகளில் பாதிக்குமேல் அவளுடையவை. முன்னாலிருந்து கூவியதும் அவள் பணம், பின்னாலிருந்து மடக்கியதும் அவள் பணம். தங்கையின் பெயர் மைக்கில் ஒலித்தது. கடல்கடந்து உழைக்கும் மகளைக் காத்தருளும் என்று போதகர் ஐயா ஜெபித்தார். நான் பரங்கிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன். அடுத்து வந்த சேவலை, கவரில் தொடாமல் இருந்த பணத்தில், அப்பா எண்ணூறுக்கு எடுத்தார். அதுவும் அவள் பேருக்கு.

மத்தியானம் அவள் வீடியோவில் வந்தாள். ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அப்பா பரங்கிக்காயைத் தூக்கிக் காட்டி, "உன் பேரு ரெண்டு வாட்டி சொன்னாங்கம்மா, உங்க அக்காதான் எடுத்தா" என்றார். தங்கை முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு, "அக்கா, புடவைக் காசுலயா எடுத்த? எனக்காகவா?" என்று கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே கூடப் பண்டிகை கொண்டாட ஆளில்லை, தமிழில் ஜெபம் கேட்டே மாதக்கணக்காகிறது என்றாள். கேமரா அப்பா பக்கம் இருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. "ஆமா, உனக்காகத்தான்" என்றேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்றி அதுதான். அதை வாங்கிக்கொள்ளும்போதும், அவளால் இப்படிச் சுலபமாக அழ முடிகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசி நாளில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அவள் ஃபோனில் பார்த்தாள். இப்போதும் பண்டிகைக்கு முன்னால் மெசேஜ் வருகிறது. கவர் போட வேண்டியதில்லை, நோட்டு புதிதாக இருக்கத் தேவையில்லை. "அப்பா மாதிரியே ஏதாவது எடு அக்கா" என்று எழுதுகிறாள். இரண்டு வருடம் அவள் பெயரிலேயே எடுத்தேன். போன வருடம் அவள் பணத்தை அப்படியே பேங்கில் விட்டுவிட்டு, என் சம்பளத்தில் ஒரு வாழைத்தாரை ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்தேன். செயலாளர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். மைக்கில் அது யாரோ வேற்றூர்க்காரியின் பெயர் மாதிரி கேட்டது. ஜெபத்தின்போது நானும் தலையைக் குனியவில்லை. முன்வரிசையில் திரும்பிப் பார்க்க யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

மத்தியானம் அவள் கூப்பிட்டு, "யார் பேருக்கு எடுத்தக்கா?" என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காவது பொய் சொல்லக் கூடாது என்று, "என் பேருக்கு" என்றேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் உடனே, கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாருக்கா" என்றாள்.

இத்தனை வருடம் ஞாயிறு தவறாமல் அவர் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. இவளுக்கு மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது?